ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: சூப்பர் நின்டெண்டோவா, மெகா டிரைவா?

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை விளையாட்டை ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தில்) ஆடிப் பழகிய கை எனக்கு. வீட்டில் ஆட இந்த இரண்டு கேம் கன்சோல்களில் ஒன்றுதான் வாங்கப் போகிறேன், எது அசலுக்கு நெருக்கம்?

பதில் 1: கண்ணை மூடிக்கொண்டு சூப்பர் நின்டெண்டோ. 1992-இல் 16 மெகாபிட் கொள்ளளவுள்ள கார்ட்ரிட்ஜில் (கன்சோலில் செருகும் விளையாட்டுப் பெட்டியில்) அடைத்தே இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள், நிறங்களும் பளிச்சென்று இருக்கும். பீப்பாய் உடைக்கும் போனஸ் சுற்று மட்டும் இல்லை, பதிலுக்குச் செங்கல்தான்.

பதில் 2: அவர் சொல்வது முதல் பதிப்பு, அதில் நான்கு பாஸ்களையும் (கடைசியில் வரும் பெரிய எதிரிகளை) வைத்து ஆட முடியாது. 1993-இல் மெகா டிரைவுக்கு வந்தது 24 மெகாபிட், பாஸ்களும் உண்டு. குரல்கள் கரகரப்பு, தொண்டை கட்டியவன் "ஹடோகென்" என்று தாக்குதல் பெயரைக் கத்துவதுபோல் இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு பட்டன் பேட் (கையில் பிடித்து ஆடும் கருவி) கட்டாயம் வேண்டும்; மூன்று பட்டன் பேடில் குத்துக்கும் உதைக்கும் நடுவே ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் எதிராளி நம்மைத் தூக்கி எறிந்திருப்பான்.

பதில் 3: ஆர்கேடில் பழகியவருக்கு பட்டன் அமைப்புதான் முக்கியம். சூப்பர் நின்டெண்டோவில் பலத்த அடிகள் தோள் பட்டனில் (பேடின் மேல் விளிம்பில்) இருக்கும், எனக்கு அது இன்றுவரை கைக்கு வரவில்லை.

கேள்வி கேட்டவர்: சரி, அப்போ மெகா டிரைவ்தான். ஆறு பட்டன் பேடோடு.