வேலையோடு ஒரு சிறுதொழில்: முதல் பணம் எங்கிருந்து வந்தது? (பெங்களூர் அனுபவங்கள்)

மாரத்தஹள்ளியிலிருந்து:

கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே டி-சர்ட் வியாபாரத்தில் இறங்கினேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஓட்டப்பந்தயம், அலுவலகக் கிரிக்கெட் அணி, கல்லூரி விழா என்று பெங்களூரில் டி-சர்ட் கேட்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அச்சடிக்காத டி-சர்ட், அதாவது பனியன், திருப்பூரில் குவிந்து கிடக்கிறது. கையில்தான் காசில்லை.

முத்ரா கடனுக்குப் போ, ஈடு கேட்க மாட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறுதொழில் கடன் திட்டம். 50,000 ரூபாய் வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', அதற்கு மேல் 'தருண்'. நான் கேட்டது சிசுதான். கிளை மேலாளர் மரியாதையாகவே பேசினார். "என்ன மெஷின் வாங்கப் போகிறீர்கள்? கொட்டேஷன் கொண்டுவந்தீர்களா?" என்றார். மெஷின் இல்லை சார், பனியன் வாங்கத்தான் பணம் என்றதும் பேச்சு சுருங்கிவிட்டது. மெஷின் என்றால் விற்பவர் கணக்குக்கே பணத்தை அனுப்பிவிடலாம். கடன் தீரும்வரை அது ஓரிடத்தில் நிற்கும். பனியன் நாளைக்கே விற்றுப்போகும், பணம் எங்கே போனதென்று வங்கிக்குத் தெரியாது. அவர் பக்கமும் நியாயம் உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அடுத்ததாக ஆறு மாத வியாபார வரவு காட்டும் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார். தொடங்காத வியாபாரத்துக்கு வரவு ஏது?

கடைசியில் முதல் போட்டது வாடிக்கையாளர்கள்தான். கணக்கைப் பாருங்கள். திருப்பூரில் பனியன் ஒன்று 150 ரூபாய், இங்கே அச்சுக்கூலி 50, விற்கும் விலை 320. 100 பீஸ் ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்கினால் 16,000. பனியனுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 15,750. அச்சுக்கூலியும் பார்சல் செலவும் மட்டும்தான் என் சம்பளத்திலிருந்து. முன்பணம் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். முன்பணம் தர யோசிப்பவர் பாக்கியையும் தரமாட்டார், போகட்டும்.

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு வியாபாரி துணி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வட்டமான ஒரு கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினார். உள்ளங்கை அளவு வில்லை ஒன்று வந்தது. அதைச் சின்னத் தராசில் போட்டார்: 1.6 கிராம். "நூறால் பெருக்குங்கள் தம்பி, ஒரு சதுர மீட்டர் துணியின் எடை வந்துவிடும். உங்களுக்கு 180 கிராம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், இது 160" என்றார். நான் வேறு கடையில் மாதிரிக்கு வாங்கிய பனியன் அது. துணி இளைத்தால் வாடிக்கையாளர் பாக்கியில் கை வைப்பார்; நம் லாபமே அந்தப் பாக்கியில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அவரிடம்தான் கொள்முதல். முதல் சில பில்களுக்கு ரொக்கம் வாங்கினார், பிறகு 15 நாள் கடன் கொடுத்தார். சரக்கு இரவு பஸ்ஸில் ஏறினால் காலையில் கலாசிபாளையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வரவு செலவெல்லாம் கணக்கில் ஏறிய பிறகு அதே வங்கி கடன் கொடுத்தது. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழையும் கேட்டார்கள். அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்தால் இலவசமாகவே கிடைக்கும்; அதற்கும் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. "முத்ரா கடன் உறுதி, கட்டணம் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் கிழித்துப் போடுங்கள், முத்ராவுக்கு முகவர்களே கிடையாது. வேலையில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வெளித்தொழிலுக்கு அனுமதி வேண்டும் என்று என்னுடையதில் இருந்தது. எழுதிக் கேட்டேன், கொடுத்தார்கள்.

அல்சூரிலிருந்து:

எனக்கு முன்பணம் என்ற பேச்சே இல்லை. இட்லிப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் யார் முன்பணம் தருவார்கள்? பி.காம். முடித்த கையோடு அம்மாவின் நெக்லஸை அடகு வைத்தோம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு கல்லுக்கும் அரக்குக்கும் என்று எடையில் கழித்தார். அம்மாவுக்கு அங்கேயே முகம் வாடிவிட்டது. மிஞ்சிய தங்கத்தின் மதிப்பிலும் அப்போது 75 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கல் வைத்த நகையைத் தவிர்த்து வளையலைக் கொண்டுபோயிருக்கலாம் என்று அம்மா இன்னும் சொல்கிறார்.

ஆனால் அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வந்தது. திட்ட அறிக்கை, பழைய கடன் வரலாறு, எதுவும் கேட்கவில்லை. மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுகிறேன். சேரவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் ஆனது.

விவேக் நகரிலிருந்து:

பிள்ளைகளே, ஏலச் சீட்டை மறந்துவிட்டீர்கள். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. என் மகன் போட்டோ பிரிண்டர் வாங்க ஆரம்ப மாதத்திலேயே ஏலத்தில் 25,000 தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுத்தான். கைக்கு வந்தது 75,000. தள்ளிய தொகையில் நடத்துபவர் கமிஷன் 7,000 போக, தவணையில் ஆளுக்கு 900 கழிவு. அவசரக்காரன் தள்ளுவதில்தான் பொறுமைசாலிக்கு லாபம். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துச் சேருங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பதிவில்லாத சீட்டில் தலையைக் கொடுக்காதீர்கள்.

மாரத்தஹள்ளித் தம்பிக்கு ஒரு கேள்வி. கல்லூரி விழாக் குழுவினர் விழா முடிந்ததும் காணாமல் போய்விடுவார்களே, பாக்கியை எப்படி வாங்குகிறீர்கள்?

மாரத்தஹள்ளியிலிருந்து:

ஐயா, ஒரே ஒரு டி-சர்ட்டை மட்டும் முந்தைய நாள் காட்டுவேன். பாக்கி கணக்கில் ஏறிய பிறகுதான் மூட்டையை இறக்குவேன். மறுநாள் விழா என்றால் பணம் தானாக வந்துவிடும்.