சிகரெட்டை விட்டு ஏழு மாதம் ஆகிறது, டீ டம்ளரைப் பிடித்தால் இன்னும் கை சட்டைப் பையைத் தேடுகிறது

கேள்வி: பனியன்நகர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன், வயது 41. பதினெட்டு வருடம் பிடித்தேன். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. ஷிப்மெண்ட் நெருக்கும் வாரங்களில் கணக்கே கிடையாது. பங்குனியில் சின்ன மகளுக்கு வீசிங் வந்து, ராத்திரி முழுக்க அவள் மூக்கில் நெபுலைசர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சட்டை வாசனை பட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு விட்டதுதான். நடுவில் ஒரு இழுப்புகூட இல்லை.

முதல் மூன்று வாரம் படாத பாடு பட்டேன். தூக்கம் இல்லை, வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அதெல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், தாங்கிக்கொண்டேன். நாலாவது மாதத்தில் நினைப்பே வராமல் முழு நாளும் போனது உண்டு. இனி பயமில்லை என்று நினைத்திருந்த நேரத்தில், இந்த ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மறுபடி வருகிறது.

கண்டெய்னர் லோடு முடிந்து, சீல் போட்டு, பேப்பர் கொடுத்து அனுப்பிவிட்டு இரவு 11 மணிக்கு கேட்டைத் தாண்டினால் எதிரே டீக்கடை. டம்ளர் வலது கைக்கு வந்த அடுத்த நொடி இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பையில் பேனாதான் இருக்கிறது. பக்கத்துப் பெட்டிக்கடையில் பற்றவைக்க ஒரு சின்ன விளக்கும், சிகரெட் அட்டையைக் கிழித்துப் போட்ட துண்டுகளும் இருக்கும். அதைப் பார்த்தாலே வாய் ஊறுகிறது. போன வாரம் கனவில் ஒன்றை முழுசாகப் பிடித்து முடித்தேன். எழுந்து உட்கார்ந்து, நிஜமாகவே பிடித்துவிட்டோம் என்று நினைத்து நெஞ்சு படபடத்தது, அது கனவு என்று தெரிய கொஞ்ச நேரம் ஆனது.

ஏழு மாதம் கழித்தும் இப்படி வருவது சாதாரணமா? ஆயுசுக்கும் இருக்குமா? ஆரம்பத்தில் நிகோடின் சூயிங்கம் மென்றேன், மறுபடி அதற்குப் போகலாமா? கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "இவ்வளவு நாள் இருந்துட்டே, மாசத்துக்கு ஒண்ணு பிடிச்சா ஒண்ணும் ஆகாது" என்கிறார். அந்தப் பேச்சுக்கு மனசு ஆடுகிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தீபாவளிக்கு எல்லோரும் கூடுவார்கள் வேறு.

பதில் 1: ரயிலடி

தம்பி, அந்த "மாசத்துக்கு ஒண்ணு" விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விட்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது. தாய்மாமன் தவறிப்போனார். அவர் மடியில் வளர்ந்தவன் நான். சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பறை அடித்து ஓய்ந்த நேரம், சித்தப்பா மகன் ஒன்றும் பேசாமல் பாக்கெட்டை நீட்டினான். எடுத்தேன். ருசியாகக்கூட இல்லை, தலை சுற்றியது. அன்றைக்கு அந்த ஒன்றுதான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது ஒரு நாளைக்கு எட்டு. அதற்குப் பிறகு மறுபடி விட எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. இப்போது விட்டு ஆறு வருடம் ஆகிறது.

இரண்டாவது தடவை ஒன்று புரிந்தது. தினசரி வருகிற டீ, சாப்பாடு, வேலை முடிகிற நேரம், இதெல்லாம் சில மாதத்தில் சிகரெட் இல்லாமல் பழகிவிடுகிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவை இருக்கின்றனவே, முதல் மழை, முதல் தீபாவளி, ஊர்த் திருவிழா, நெருங்கியவர் கல்யாணம், துக்கம், அதையெல்லாம் சிகரெட் இல்லாமல் ஒருமுறை நடந்து கடக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டாவது வருடம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நீங்கள் பங்குனியில் விட்டவர், விட்ட பிறகு வரும் முதல் ஐப்பசி மழை இது. அதனால்தான் இப்போது வருகிறது, நீங்கள் தளர்ந்துவிட்டதால் இல்லை.

ஆயுசுக்கும் இருக்குமா என்றால், எனக்கு இப்போது வருடத்துக்கு நாலைந்து தடவை வரும். சென்னைக்குப் போகிற பஸ் நள்ளிரவில் விக்கிரவாண்டி பக்கம் நிறுத்துவான், குளிரில் இறங்கி நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் புகைந்துகொண்டிருக்கும், அந்த வாசனை மூக்கில் ஏறும்போது ஒரு நிமிடம் இழுக்கும். முகம் கழுவிவிட்டு ஏறினால் போய்விடுகிறது. முன்பு மாதிரி கழுத்தைப் பிடிப்பதில்லை.

தீபாவளிக்கு உங்களுக்கு ஆதரவாக ஒரே ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "நான் கேட்டாலும் கொடுக்காதே." எனக்கு அது பெரிய காவல். குடிக்கிற பழக்கம் இருந்தால் இந்த வருடம் மட்டுமாவது அதைத் தவிருங்கள், இரண்டு ரவுண்டு உள்ளே போனால் ஏழு மாத உறுதி நினைவுக்கு வராது.

பதில் 2: மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநராக 14 வருடமாக இருக்கிறேன், சிகரெட்டை விட நினைத்து கவுண்டருக்கு வருகிறவர்களிடம் தினமும் பேசுகிறேன். நீங்கள் எழுதியது எல்லாமே, கனவு உட்பட, விட்டவர்களுக்கு வழக்கமாக வருவதுதான்.

ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும், சில நாட்களில் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அதை எதிர்பார்த்து மூளையில் அதிகமாகிப் போன ஏற்பிகளும் (நிகோடின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்) ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆக ஏழாவது மாதத்தில் உங்கள் உடம்புக்கு நிகோடின் பற்றாக்குறை எதுவும் இல்லை. மூளை மனப்பாடம் பண்ணி வைத்திருப்பதுதான் மிச்சம். மதிய மணி அடித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வயிறு பசிக்கிற மாதிரி, லோடு முடிந்து டம்ளர் கைக்கு வந்ததும் உங்களுக்கு அது வருகிறது. மணி அடித்தும் சாப்பாடு வராத நாட்கள் கூடக் கூட அந்தப் பழக்கம் தேயும். நடுவில் ஒருநாள் சோறு போட்டால் மறுபடி முதலிலிருந்து. "மாசத்துக்கு ஒண்ணு" செய்யும் வேலை அதுதான்.

பெரும்பாலும் ஒரு தடவை வரும் ஆசை ஐந்து நிமிடம்கூட உச்சத்தில் நிற்காது. கடிகாரம் வைத்துப் பாருங்கள், சொன்னால் பலர் நம்புவதில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் காஃபீன் கரைவதை வேகப்படுத்தும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடுவதால் அதே டீ, அதே காப்பி முன்பைவிட அதிக நேரம் உடம்பில் தங்கும். பிடித்த காலத்தில் ஆறு டீ தாங்கினவருக்கு இப்போது ஆறு டீ படபடப்பையும் தூக்கக் கெடுதலையும் கொடுக்கும். அந்தப் படபடப்பைத் தணிக்கத்தான் சிகரெட் வேண்டும் என்று மனசு தப்பாகப் புரிந்துகொள்ளும். இரவு 11 மணிக்கு டீ குடிக்கிறீர்கள். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சூயிங்கம் பற்றி: தீபாவளி மாதிரி ஒரு நாளைத் தாண்ட 2 மில்லிகிராம் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை, சிகரெட்டுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. காரம் தெரிகிறவரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம், நிகோடின் சரியாக ஏறாது. டீயோடு சேர்த்துப் போட்டுவிட்டு "வேலை செய்யலை" என்று என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். இதயத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். ஆசை தாங்க முடியாத அளவுக்குப் போனால் மாத்திரைகளும் இருக்கின்றன, அவை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 2016இல் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலும் பேசலாம். புதிதாக விடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், விட்டுவிட்டுத் தடுமாறுகிறவர்களும் கூப்பிடலாம்.

பதில் 3: மேட்டுத்தெரு

எனக்குச் சீவல் பாக்கு கைகொடுத்தது. இரண்டு வருடமாக அதுதான். வாய் சும்மா இருக்காது, சிகரெட் நினைப்பும் வராது.

பதில் 4: மாத்திரைப்பெட்டி

மேட்டுத்தெரு அண்ணா, சிகரெட்டை விட்டதற்கு மனமார்ந்த வாழ்த்துகள், ஆனால் பாக்கை நிறுத்திவிடுங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. வாயின் உள்தோல் இறுகி, மூன்று விரல் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பாருங்கள், எரிச்சலோ வெள்ளைத் திட்டோ இருந்தால் பல் டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். ஏலக்காய், கிராம்பு, காயவைத்த நெல்லிக்காய் இருக்கவே இருக்கிறது.

பதில் 5: கொடுமுடி அக்கா

நான் பிடித்தவள் இல்லை, விட்டவரின் மனைவி. சகோதரர் பனியன்நகருக்கு வீட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள் "இன்னைக்கு ரொம்ப வருது" என்றார், நான் "இன்னுமா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் என்னிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தனியாக மல்லுக்கட்டியிருக்கிறார். தெரிந்தபோது அழுகையே வந்தது.

இப்போது அவருக்கு வந்தால் "வருது" என்று ஒரு வார்த்தை சொல்வார். நான் அறிவுரை எதுவும் சொல்ல மாட்டேன். தோலோடு இருக்கும் வேர்க்கடலையை முறத்தில் கொட்டி நடுவில் வைப்பேன், இரண்டு பேரும் உட்கார்ந்து உரிப்போம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வேலை இருந்தால் போதும் அவருக்கு, கால் முறம் முடிவதற்குள் வேறு பேச்சுக்கு வந்துவிடுவார். உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? ஏழு மாதம் ஆனதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

மறுமொழி: பனியன்நகர்

எல்லோருக்கும் நன்றி, இரண்டு தடவை முழுசாகப் படித்தேன். ரயிலடி அண்ணா, உங்கள் பதினாறாம் நாள் கணக்கைப் படித்ததும் அந்த "ஒண்ணு" பேச்சு மனசிலிருந்து விழுந்துவிட்டது.

டீயை எண்ணினேன், ஒரு நாளைக்கு ஏழு. விட்ட பிறகு கூடியிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. அக்கா சொன்ன பிறகு வீட்டில் பேசினேன். அவளுக்குத் தெரியவே தெரியாது, கனவைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

நேற்று இரவு லோடு முடிந்து பெட்டிக்கடைப் பக்கம் நிற்காமல் பஞ்சர் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். டம்ளரை வேண்டுமென்றே இடது கையில் பிடித்தேன். வந்தது, பலமாகத்தான் வந்தது. போனில் நேரம் பார்த்தேன், நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் மழைத் தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்றைக்குத் தூத்துக்குடி வண்டி இரண்டு இருக்கிறது, முடிய பன்னிரண்டு ஆகும். மாஸ்டரிடம் எனக்குச் சுக்குமல்லிக் காப்பி என்று இப்போதே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.