விண்டோஸில் ஓடும் பிஎச்பி நிரல் உபுண்டுவில் நிற்கிறது: பெரிய, சிறிய எழுத்துச் சிக்கல்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடைக்காக நான் பிஎச்பி 8.1-இல் எழுதிய பில் போடும் நிரல், விண்டோஸ் 10-இல் ஈராண்டாகப் பிசகின்றி ஓடியது. சென்ற திங்களன்று உபுண்டு 22.04-க்கு மாற்றியதும் 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிட்டது.

மாறிகளின் பெயரைப் போலன்றி, கிளாஸ் பெயரில் பிஎச்பி பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை என்ற துணிவில், 'ஸ்டாக்பில்' என்பதில் வரும் 'பி'யை ஓரிடத்தில் பெரிதாகவும் வேறிடத்தில் சிறிதாகவும் எழுதியது என் சோம்பல்தான். ஆனால் ஆட்டோலோடர் (கிளாஸ் உள்ள கோப்பைத் தானாகத் தேடி ஏற்றும் பகுதி) அப்பெயரையே கோப்புப் பெயராகத் தேடுகிறது, லினக்ஸோ இரண்டையும் வெவ்வேறு கோப்பாகக் கருதுகிறது.

விண்டோஸில் கோப்பின் பெயரை மாற்றிப் பார்த்தேன், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) அதைக் கண்டுகொள்ளவில்லை. இடைப்பெயர் கொடுத்து இருமுறை 'கிட் எம்வி' (பெயர் மாற்றும் கட்டளை) செய்தால் சரியாகிறது, எனினும் இன்னும் 60 கோப்புகள் உள்ளன.

கோப்புப் பெயரோடு எழுத்தளவு ஒத்துவராத கிளாஸ் பெயர்களை, நிரலை ஓட்டாமலே ஒரே முறையில் பட்டியலிட வழி உண்டா?