மறுமொழி: ஹார்னஸ் என்பதற்கு 'இடைவார்' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து மான் வேட்டையாடுகிறவர்களுக்கான நம் பாதுகாப்புக் கையேட்டுக்கு, ஐயா நேற்று அனுப்பிய தமிழ்ச்சொல் பட்டியலிலிருந்து:

> ட்ரீ ஸ்டாண்ட் – மரப்பரண்
> சேஃப்டி ஹார்னஸ் – பாதுகாப்பு இடைவார்
> லைஃப்லைன் – உயிர்க்கயிறு
> ஹால் லைன் – தூக்குக்கயிறு

மரப்பரண் அருமை. தினைப்புனம் காத்த காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிற ஏற்பாடு. குறிஞ்சிப்பாட்டில் மரத்தின்மேல் கட்டிய 'இதணம்' வருகிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு தம்பி தனிமடலில் கேட்டிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் குளிரில் இருட்டோடு இருட்டாக மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர் அகராதியைத் தூக்கிக்கொண்டு ஏற மாட்டார். பரண் போதும். ஏணியோடு வருவது ஏணிப்பரண், மரத்தோடு வாரால் இறுக்கிக் கட்டுவது கட்டுப்பரண், ஆளோடு சேர்ந்து மரத்தில் ஏறுவது ஏறுபரண்.

என் சண்டையெல்லாம் இடைவாரோடுதான். இங்கே 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் வேட்டை உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். நானும் அதில் உட்கார்ந்து எழுந்தவன். அங்கே திரும்பத் திரும்பச் சொன்னது, இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை நம்பாதே என்பதுதான். முன்பு பலரும் அதைத்தான் கட்டினார்கள். விழுந்தால் அது மேலே வழுக்கி விலாவை நெரிக்கும், மூச்சு விட முடியாது. இல்லையென்றால் ஆள் தலைகீழாகி அதிலிருந்து நழுவிவிடுவார். அதனால்தான் தோள், மார்பு, இரண்டு தொடைகள் என்று உடம்பையே பூட்டும் கருவி வந்தது. இப்போது பரணோடு சேர்த்துப் பரிந்துரைப்பது இதை மட்டுமே. ஊரில் கட்டட வேலையில் இரண்டையும் 'சேஃப்டி பெல்ட்' என்றே சொல்லிவிடுகிறோம். அந்தக் குழப்பத்தை நாமே புதுச்சொல்லாக அச்சடிக்க வேண்டுமா?

என் பரிந்துரை: தோள்தொடை வார். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரத்தில் தோள்பட்டையை மாட்டிவிட்டுத் தொடைப்பட்டையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதல் வருடம் நானே அப்படிப் பாதி மரம் ஏறியிருக்கிறேன். பெயரே இரண்டையும் நினைவூட்டட்டும். 'மெய்வார்' என்று ஒருவர் சொன்னது காதுக்கு இனிமை, ஆனால் எங்கே மாட்டுவது என்பதை அது சொல்லவில்லை.

உயிர்க்கயிறு என்றதும் எமனின் பாசக்கயிறு நினைவுக்கு வந்தது எனக்கு மட்டும்தானா? அது போகட்டும். இங்கே இரண்டு கயிறுகள் குழம்பிக் கிடக்கின்றன. முதுகிலிருந்து மரத்துக்குப் போகும் குட்டை வார் ஒன்று. அதைப் பிணைவார் எனலாம். உட்கார்ந்தபின் அதில் தொய்வே இருக்கக்கூடாது, மரத்தில் தலைக்கு மேலே கட்ட வேண்டும். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் விழுவது அதிகம். அதற்குத்தான் மரத்தடியிலிருந்து பரணுக்கு மேல் வரை நீளும் மற்றொரு கயிறு. தரையில் நிற்கும்போதே அதில் கோத்துக்கொண்டால் இறங்கும்வரை அவிழ்க்கத் தேவையில்லை. அதற்கு அடிமுடிக் கயிறு என்று வைக்கலாமே! அடியிலிருந்து முடிவரை போகிறது, நமக்குக் கதையும் தெரியும்.

அந்தக் கயிற்றில் கூடவே நகர்த்திக்கொண்டு போகும் முடிச்சு, பாரம் விழுந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் பெயரில் வழங்குவது. ஆள் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், புரூசிக் முடிச்சு என்றே இருக்கட்டும்.

அப்புறம், ஐயா மன்னிக்க வேண்டும், தூக்குக்கயிறு கூடவே கூடாது! பாதுகாப்புக் கையேட்டில் அதைப் பார்த்தால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, குழல்முனை தரையைப் பார்க்க இந்தக் கயிற்றில் கட்டி, மேலே போனபின் இழுக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் சேந்துவது போலத்தான். சேந்துகயிறு என்போம்.

பனையேறிகளின் தளைநாரை இடுப்பையும் மரத்தையும் சுற்றும் வாருக்கு வைக்கலாம் என்ற யோசனை எனக்கு ஒட்டவில்லை. தளைநார் காலில் மாட்டுவது. இதற்கு மரஞ்சுற்று வார் போதும்.

மீதி ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. விழுந்தவர் வாரில் அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை அழுத்தி, இரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. அப்போது காலை ஊன்றி எழும்ப வாரோடு ஒரு வளையம் தருகிறார்கள். வளையத்துக்கு 'மிதிவார்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த நிலைக்குத்தான் சொல் வேண்டும். 'தொங்கல் மயக்கம்' என்றால் ஏதோ வெயிலில் நின்று தலைசுற்றியது போல இலேசாகிவிடுகிறது, 'தொங்கல் அதிர்ச்சி' என்றால் மின்சாரம் தாக்கியது போல இருக்கிறது. மருத்துவம் படித்தவர்கள் யாராவது கைகொடுத்தால் நல்லது. கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.