புதுப்பிப்பு: தைக்காமல் பட்டாம்பூச்சி இறக்கை, வேலை முடிந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஊசி நூல் இல்லாமல், துணியின் ஓரம் பிரியாமல் மகளுக்கு இறக்கை செய்வது எப்படி என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது ஃபெல்ட் துணி யோசனைதான். அது நெய்த துணி இல்லை என்பதால் வெட்டிய இடத்தில் நூல் பிரியவே இல்லை. வண்ணப் புள்ளிகளை, பசையை உருக்கித் தரும் க்ளூ கன்னால் ஒட்டினேன் (பசை நன்றாகச் சுடும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்). பழைய பனியனில் வெட்டிய பட்டைகளை இழுத்துவிட்டதும் தானாகச் சுருண்டு நாடாவாகிவிட்டன. தோளில் மாட்ட அவையே போதும்.

எதிர்பாராதது ஒன்று: வெல்க்ரோவின் (செருப்பு, பைகளில் வரும் ஒட்டிப் பிரிக்கும் பட்டை) சொரசொரப்பான பக்கம் ஃபெல்ட்டையே நேராகப் பிடித்துக்கொள்கிறது, மென்மையான பக்கம் தேவைப்படவில்லை. கழுத்தில் கயிறு கட்டாதீர்கள் என்று ஒருவர் எச்சரித்ததால் முன்பக்கம் கயிற்றுக்குப் பதில் வெல்க்ரோவை வைத்தேன். எங்காவது மாட்டி இழுபட்டால் பிரிந்துவிடும். துவைப்பதில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.