கடுவன் பூனைக்கு எந்த ஃப்ளேவர் டின் வாங்கலாம்?

வணக்கம் மக்களே, ரங்கூன்ல பூனை வளக்குறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எங்க வீட்டு கடுவன் டூனா டின்னைத் தவிர எதையும் தொடமாட்டேங்குறான், சிக்கன் வச்சா கிரேவிய மட்டும் நக்கிட்டு துண்டத் தட்டோரமா ஒதுக்கிட்டு, பக்கத்துத் தரைய காலால பறண்டி மூடுற மாதிரி பண்றான், கொழுப்பப் பாருங்க!

தினம் டூனாவே வேணாம், பாதரசம் சேரும்னு டாக்டரம்மா சொல்லுறாங்க, அதேநேரம் கடுவனுக்கு மூத்திரம் அடைச்சுக்கும், ஈரச் சாப்பாட்ட நிறுத்தாதீங்கன்னும் சொல்லுறாங்க. அப்ப சால்மனா, மத்தியா, வாத்தா, எது ஒத்துக்கும்? வழவழன்னு அரைச்சதா, துண்டு போட்டதா?

இங்க கிடைக்கிறது பெரும்பாலும் தாய்லாந்து டின்தான், சிலது முழுச் சாப்பாடே இல்ல, சும்மா தீனி, அதனால பூனைக்கு அவசியமான டாரின்ங்கிற சத்து சேத்திருக்கான்னு லேபிள பாத்துத்தான் எடுக்குறேன். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, அப்புறம் பூசணிக்கா போட்ட டின்ன யாருக்கு விக்கிறானுங்களோ தெரியல.

கரண்டு போயிட்டு போயிட்டு வர்றதால தொறந்தத ஃபிரிட்ஜ்ல நம்பி வைக்க முடியல, 85 கிராம் சின்ன டின்னா சொன்னா நல்லது. புரட்டாசி வேற வருது, அம்மா அடுக்களைல மீன் டின்ன தொறக்கவே விடமாட்டாங்க, சிக்கனுக்கும் அதே கதிதான், பால்கனிலதான் ஊட்டணும். டூனாவோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து வேற ருசிக்கு மாத்துனவங்க எப்படி மாத்துனீங்கன்னு சொல்லுங்க.