ராயல்டி லாபத்தில் அல்ல, விற்பனையில்

ஏழு வருடமாக ஒரு பர்கர் கடை ஃபிரான்சைஸ் நடத்துகிறேன்; அதாவது, பெயர் கம்பெனியுடையது, கடையை என் செலவில் நடத்துவது நான். எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்தக் கம்பெனிக்குக் கட்டும் பங்கு, 6 சதவீதம்; விளம்பர நிதி 4 சதவீதம். சரி, பத்துதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது மொத்த விற்பனையில் பிடிக்கும் தொகை என்பதன் கனம், முதல் வருடக் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 100 ரூபாய்க்கு விற்றால் பொருளுக்கும் பேக்கிங்குக்கும் 33, சம்பளம் 26, வாடகை 11, மின்சாரம், கேஸ், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 9, கம்பெனிக்கு 10. மிச்சம் 11. அதில் 7 வங்கித் தவணைக்குப் போய்விடும். என் கைக்கு 4.

அப்போதுதான் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' சலுகை வந்தது. எல்லாக் கிளைகளும் சேர்ந்தே ஆக வேண்டும். வாசல் வரை வரிசை நின்றது. ஆனால் வாங்குகிற 100க்கு இப்போது பொருள் செலவே 66. ராயல்டியும் விளம்பர நிதியும் போனால் 24. அதில் சம்பளமே அடங்காது. கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு பேரைக் கூடுதலாக வேறு போட்டிருந்தேன். விற்பனை ஏறியதால் கம்பெனியின் பங்கும் ஏறியது. நான் சேமிப்பிலிருந்து எடுத்துச் சம்பளம் கொடுத்தேன். அந்த மாதம் பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் குப்பைத்தொட்டி மேல் கண் வைத்தேன். வறுத்த உருளைக்கிழங்கு 7 நிமிடம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. எந்த நேரத்தில் எவ்வளவு கொட்டுகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். மாலை மூன்றிலிருந்து ஐந்து வரைதான் அதிகம் வீணானது. அந்த நேரத்தில் பாதிக் கூடை மட்டும் வறுத்தோம். மூன்று மாதத்தில் பொருள் செலவு 33லிருந்து 30க்கு இறங்கியது. என் 4, ஏழானது. இதைச் செய்தது வறுக்கும் பகுதியில் நின்ற பிள்ளைகள்தான். அவர்களுக்கு அன்றே சம்பளம் கூட்டினேன்.

மறுமொழி: வாடகையையும் கவனியுங்கள், நண்பரே. மெக்டொனால்ட்ஸ் 1956லேயே இடத்தைத் தானே எடுத்து, கடை நடத்துபவருக்கு வாடகைக்கு விட ஒரு தனி நிறுவனம் தொடங்கியது. நான் இருந்த வேறொரு பிராண்டிலும் கம்பெனிதான் வீட்டுக்காரர். வாடகையும் விற்பனையில் ஒரு சதவீதம். ஒப்பந்தம் முடிந்தபோது இடமும் போனது; பத்து வருட வாடிக்கையாளர்களும் போனார்கள்.

மறுமொழி: அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பாவது, ஃபிரான்சைஸ் பற்றிய விவரங்கள் அடங்கிய வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கடை எடுப்பவரிடம் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அண்மையில் கடையை விட்டு வெளியேறியவர்களின் தொடர்பு விவரமும் அதில் இருக்கும். நான் அங்கே கடை எடுக்கப் பார்த்தபோது அப்படி ஐந்து பேரிடம் பேசினேன். நான்கு பேர், சலுகை மாதங்களில் கடன் வாங்கியே சம்பளம் கொடுத்ததாகச் சொன்னார்கள். அதனால் நான் முன்பணம் கட்டவில்லை.